ஒரு வருஷம் வீட்டில் வந்து படுத்தால் கடவுள் கோபிப்பாரா?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் "பிள்ளையைக் குருவாகப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பலாமா" என்று ஒரு தாய் கேட்டதற்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அனுப்பியவர்கள் எழுதினார்கள், போனவர்கள் எழுதினார்கள், போய்த் திரும்பி வந்தவர்களும் எழுதினார்கள். பாதிக் கடிதங்கள் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. நடுவழியில் களைத்துப் போனால் என்ன செய்வது? அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான். சொத்துப் பிரிவினை பற்றிக் கேட்ட அண்ணன் தம்பிகள் அடுத்த இதழ் வரை சண்டை போடாமல் இருங்கள்.

ஃபாதர், எனக்கு வயது 26. தோட்டத்தில் பிறந்தவன், இப்போது எங்கள் குடும்பம் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. குருமடத்தில் இது ஏழாவது வருஷம், இறையியல் இரண்டாம் ஆண்டு. ஆறு மாதமாகச் செபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, படுத்தால் வருவதில்லை. விட்டுவிட ஆசையில்லை. ஒரு வருஷம் வெளியே இருந்துவிட்டு வரட்டுமா என்று குருமட அதிபரிடம் கேட்டேன், யோசிக்கலாம் என்றார். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். அம்மா கடைத்தெரு முழுக்க "என் மகன் ஃபாதர் ஆகப்போறான்" என்று சொல்லிவைத்திருக்கிறார். எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவது? இது அழைத்தலுக்குத் துரோகம் இல்லையா? – பெயர் வேண்டாம்

தம்பி, துரோகம் என்ற வார்த்தையை முதலில் கீழே வை. அது உன் வார்த்தை மாதிரி எனக்குப் படவில்லை, யாரோ உன் காதில் போட்டது.

நானும் படிப்பின் நடுவில் நின்றவன். நான் படித்த இடம் எது என்பது இங்கே வேண்டாம். 1985ல், தத்துவப் படிப்பு முடிந்த கையோடு, பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேன். அப்போது நாங்கள் இன்னும் லயத்தில்தான், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில்தான் குடியிருந்தோம், முதல் வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும், அப்படிப்பட்ட லயம். பெட்டியோடு போய் இறங்கினேன். என்னப்பா என்றார்கள். லீவு என்றேன். அதுதான் முதல் பொய். ஒரு மாதம் போனது, இன்னும் லீவா என்றார்கள், உடம்பு சரியில்லை என்றேன். எந்த உடம்பு, என்ன உடம்பு என்று ஆளாளுக்கு விசாரித்து, கடைசியில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் இது மஞ்சள் காமாலைதான் என்று தாமே முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். குடிக்காமல் இருக்க முடியுமா? ஒன்பது நாள் குடித்தேன். இல்லாத காமாலைக்குக் கீழாநெல்லி குடித்த குருமாணவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சிரிப்புக்காக இதைச் சொல்லவில்லை. அந்த முதல் இரண்டு மாதம் நான் ஓய்வெடுக்கவே இல்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு யாரிடம் என்ன சொன்னோம், நேற்றுச் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்பதே வேலை. குருமடத்தில் லத்தீன் படித்தபோதுகூட மூளை அவ்வளவு உழைக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அப்பா ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வரும்போது ஒட்டுக்கடையில், அந்தச் சின்ன டீக்கடையில், யாரோ அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்கள், மகனுக்கு என்ன ஆச்சு என்று. அப்பா டீயைக் கீழேகூட வைக்காமல் சொன்னார்: "களைச்சுட்டான். வந்து படுத்திருக்கான். போனா போவான், போகலேன்னா வீட்டுல சோறு இருக்கு." அவ்வளவுதான். மறுநாளிலிருந்து யாரும் கேட்கவில்லை. ஊருக்கு மூடிவைத்த விஷயத்தில்தான் ருசி, திறந்து வைத்தால் ஈ கூட மொய்க்காது.

ஆகவே எந்த முகத்தோடு வருவது என்ற கேள்விக்கு என் பதில், உன் சொந்த முகத்தோடு வா. ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்துகொள். "களைப்பாக இருக்கிறது, ஆயர் அனுமதியோடு ஒரு வருஷம் ஓய்வு." கேட்கிறவர் யாராக இருந்தாலும் இதே வாக்கியம். சேர்க்காதே, குறைக்காதே. "பொண்ணு விஷயமா" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார், கண்ணடித்துக் கேட்பார். இல்லையென்றால் இல்லை என்று சொல்லு. இருந்தால் அதை குருமடத்தில் உனக்கு ஆன்ம வழிகாட்டியாக இருக்கும் ஆன்ம குருவிடம் சொல்லு, ஒட்டுக்கடையில் இல்லை.

ஆன்ம குரு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நிறையப் பிரதர்மார், அதாவது குருமாணவர்கள், அவரிடம் பாதியைத்தான் சொல்கிறார்கள், மீதியைச் சொன்னால் அதிபர் காதுக்குப் போய்க் குருப்பட்டம் நின்றுவிடுமோ என்று பயம். திருச்சபைச் சட்டம் 240ஐ ஒரு தடவை எடுத்துப் படி. ஒரு மாணவனைப் பட்டத்துக்குச் சேர்ப்பது, அனுப்பிவிடுவது பற்றி முடிவு செய்யும்போது அவனுடைய ஆன்ம குருவின் கருத்தையோ, அவன் பாவசங்கீர்த்தனம் செய்யும் குருவின் கருத்தையோ ஒருபோதும் கேட்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த அறை ஒன்றுதான் நீ முழுசாகப் பேசக்கூடிய அறை. ஆறு மாதத் தூக்கமின்மையை அங்கே சொல்லியிருக்கிறாயா? உன் கடிதத்தில் அதிபர் வருகிறார், அம்மா வருகிறார், அப்பா வருகிறார், கடைத்தெருவே வருகிறது. ஆன்ம குருவைக் காணோமே.

சரி, உன் அப்பாவின் தொழிலுக்கு வருகிறேன், ஏனென்றால் இதை உன்னைவிட அவர் நன்றாகப் புரிந்துகொள்வார். பால் மரத்தைத் தினமும் வெட்ட மாட்டார்கள். இன்றைக்கு ஒரு பக்கத்து மரம், நாளைக்கு மறுபக்கத்து மரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது எங்கள் காலத்தில் தோட்டத்து வழக்கம். பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டித் துளிர்விடும் சமயத்தில் பாலும் குறையும், கத்திக்கும் வேலை குறையும். பேராசையில் தினம் தினம் வெட்டினால் பட்டை உள்ளுக்குள் காய்ந்துபோய், கோடு போட்டாலும் பால் பிடிக்கும் மங்கில் சொட்டு விழாது. பால் வரவில்லை என்று கத்தியை இன்னும் ஆழமாகப் போடுகிறவன் மரத்தைக் காயப்படுத்துகிறான், அந்த இடத்தில் பட்டை பிறகு முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், அடுத்த வெட்டுக்கு உதவாது. காய்ந்த மரத்துக்கு அப்பாவுக்குத் தெரிந்த ஒரே மருந்து, அதை வெட்டாமல் விடுவது. சிலது திரும்பப் பால் கொடுக்கும். சிலது கொடுக்காது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓய்வு எடுத்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள் என்று நான் சொன்னால் அது பொய். என்னோடு அந்தக் காலத்தில் நின்ற இன்னொருவர் திரும்பவில்லை. ஆசிரியராகி, கல்யாணம் செய்து, பேரப்பிள்ளை பார்த்துவிட்டார், இன்றைக்கும் அவர் பங்கில் பாட்டுக் குழுவை நடத்துவது அவர்தான்.

ஆனால் போகலாமா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்யாதே. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் இதற்கென்றே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார். உள்ளம் வறண்டு இருட்டாகக் கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே, அதிலேயே நில் என்று. இந்த விதியைக் காட்டியே ஓய்வு கேட்கிறவனை "அப்படியானால் நீ இங்கேயே நில்" என்று தடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கும் ஒருவர் அப்படிச் சொன்னார், இப்போது போனால் திரும்ப மாட்டாய் என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தீர்மானத்தை மாற்றுவது வேறு, தீர்மானம் எடுக்கத் தெம்பு வரும்வரை உட்காருவது வேறு. நீ கேட்பது இரண்டாவது.

இன்னொன்றையும் யோசி. பட்டம் வாங்குவதற்கு முன்னால், சுயவிருப்பத்தோடும் சுதந்திரத்தோடும்தான் இதை ஏற்கிறேன் என்று நீயே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் (சட்டம் 1036). எந்தக் காரணத்துக்காகவும் எந்த வகையிலும் ஒருவரைப் பட்டம் வாங்கும்படி வற்புறுத்தக் கூடாது என்றும் தனியாக ஒரு சட்டம் உண்டு, 1026. அந்தக் கடிதத்தை அம்மா எழுத முடியாது. கடைத்தெரு சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அது உண்மையான கடிதமா?

இனி காரியத்துக்கு வருவோம். வாய்ப்பேச்சாக வராதே. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மாதம் ஒரு தடவை யாரைப் பார்த்துப் பேசுவது, திரும்பும்போது எந்த வகுப்பில் சேருவது, மருத்துவச் செலவு யார் பொறுப்பு, இதெல்லாம் கடிதமாக இருக்கட்டும். தேதி இல்லாத ஓய்வு மூன்றாம் மாதத்திலேயே சோம்பலாகத் தெரிய ஆரம்பிக்கும், உனக்கே. வந்ததும் முதல் மூன்று வாரம் தூங்கு, சும்மா தூங்கு. அப்புறம் கைக்கு ஒரு வேலை பார்த்துக்கொள், மோட்டார் கடையோ, மாமா கடையில் தட்டு கழுவுவதோ. தலையில் ஏழு வருஷம் புத்தகம் ஏறியிருக்கிறது, கை சும்மாவே கிடந்திருக்கிறது. சம்பளம் கொஞ்சமாக இருந்தாலும் அப்பா கையில் அறுபது எழுபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பார், அதற்குப் பிறகு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று.

இதைவிட முக்கியமானது, உங்கள் பங்குத்தந்தையிடம் ஜாக்கிரதை. நானும் பங்குத்தந்தை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். சும்மா இருக்கும் பிரதர் ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தால் எங்கள் வாயில் எச்சில் ஊறும். மறைக்கல்வி வகுப்பு, பீடச்சிறுவர், ஞாயிறு அறிவிப்புத் தாள் டைப் அடிப்பது, ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு மூன்று பஸ் பிடித்துக் கொடுப்பது, எல்லாம் உன் தலையில். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் சீடர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுங்கள் என்று கூப்பிடுவதை எல்லோரும் பிரசங்கத்தில் சொல்வோம். அடுத்த இரண்டு வசனத்தைச் சொல்ல மாட்டோம். படகில் அவர்கள் போவதை ஜனங்கள் பார்த்துவிட்டு, கால்நடையாக ஓடி, அவர்களுக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஓய்வு கிடைக்கவில்லை, ஐயாயிரம் பேருக்குப் பந்தி பரிமாறத்தான் கிடைத்தது. உனக்கு அது நடக்க வேண்டாம். ஞாயிறு பூசைக்குப் போ, கடைசி வரிசையில் உட்கார், பூசை முடிந்ததும் வீட்டுக்கு வா.

அம்மாவுக்குப் போனில் சொல்லாதே. ஒரு சனிக்கிழமை வந்து, அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவும் இருக்கும்போது சொல்லு. அழுவார். அழட்டும். ஏழு வருஷமாக உன்னை ஊரோடு பங்குபோட்டுக்கொண்டவர், ஒரு வருஷம் முழுசாகக் கையில் கிடைக்கிறாய், அது அவருக்கு விளங்க இரண்டு மூன்று நாள் ஆகும்.

என் மகன் குருமடத்திலிருந்து "ஓய்வு" என்று வந்து மூன்று மாதமாகிறது. அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பாடு பாதிதான், கோயில் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறான். திரும்பப் போவானா என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிடட்டுமா ஃபாதர்? – ஒரு தாய், பீடோர்

கேட்காதீர்கள் அம்மா. அந்தக் கேள்வியை அவன் தினம் இருபது தடவை தன்னிடமே கேட்டுக்கொண்டிருப்பான், இருபத்தொன்றாவது உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் என்னைக் கவலைப்பட வைப்பது கோயில் இல்லை, சாப்பாடும் அறையும்தான். களைப்பு என்றால் இரண்டு மூன்று வாரம் தூங்கி எழுந்தால் கொஞ்சமாவது முகம் தெளியும். மூன்று மாதமாகியும் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, எரிச்சல் என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி நீடித்தாலே டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள், நீங்கள் மூன்று மாதம் பார்த்துவிட்டீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், பதிவுக்கு ஒரு வெள்ளி, தேவைப்பட்டால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணருக்கு எழுதிக் கொடுப்பார்கள். "பேய் பிடிச்சிருக்கு, செபக்கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சாகலாம் போலிருக்கிறது என்ற மாதிரி அவன் வாயில் ஏதாவது வந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். மாத்திரை சாப்பிட்டால் குருத்துவம் போய்விடுமோ என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். உடம்புக்கு வந்ததை மறைத்துக்கொண்டு பட்டம் வாங்குவதுதான் பிரச்சினை, மருந்து சாப்பிட்டுத் தேறுவது இல்லை.

மற்றபடி அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கதவுக்கு வெளியே வையுங்கள். பேசாமல் வையுங்கள், அதுதான் கஷ்டம் என்று தெரியும்.

நடுவில் ஒரு வருஷம் நின்றால் அதுவரை படித்தது எல்லாம் வீண்தானே? – பாகான் செராய் வாசகர்

இல்லை. தத்துவமும் இறையியலும் சேர்த்து ஆறு முழு ஆண்டுகள் படிக்க வேண்டும், அதில் தத்துவம் இரண்டு, இறையியல் நான்கு என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. ஆறும் மூச்சுவிடாமல் ஒரே ஓட்டமாக ஓடி முடிக்க வேண்டும் என்று கணக்கில் இல்லை. இயேசு சபையினர் தத்துவத்துக்கும் இறையியலுக்கும் நடுவே தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலோ வேறு வேலையிலோ இரண்டு மூன்று வருஷம் போட்டுவைப்பது அந்தச் சபையின் வெகுகால வழக்கம், யாரும் அதை வீண் என்று சொல்வதில்லை.

உங்களுக்கு ஒரு கதை. பினாங்கில் இருக்கிறதே ஜெனரல் காலேஜ் குருமடம், அது 1665ல் சயாம் நாட்டு அயுத்தயாவில் தொடங்கியது. பர்மாக்காரர் படையெடுப்பில் அங்கிருந்து ஓடி, ஹோன் தாட் என்ற இடத்துக்குப் போய், அங்கேயும் நிலைக்காமல் 1770ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினம் வந்து சேர்ந்தது. ஆமாம், நம்ம மீனவர் ஊர் வீராம்பட்டினம்தான். 1782ல் அங்கே இழுத்து மூடிவிட்டார்கள். 1808ல்தான் பினாங்கில் மறுபடி திறந்தது. கூட்டிக் கழித்துப் பாருங்கள், குருமடமே இருபத்தாறு வருஷம் நின்றிருக்கிறது. அங்கே படிக்கும் பையன் பன்னிரண்டு மாதம் நின்றால் நாம் வாயில் கைவைக்கிறோம்.

குருப்பட்டத்துக்கு முந்திய படியான திருத்தொண்டர் பட்டம் வாங்கிய பிறகு தயக்கம் வந்தால் நிறுத்தி வைக்கலாமா? என் அண்ணன் மகன் அந்த நிலையில் இருக்கிறான், குருப்பட்டத்துக்குத் தேதிகூடக் குறித்தாயிற்று. – கோலகங்சார்

இது முதல் கேள்வியைப் போன்றது இல்லை, கவனமாகப் படியுங்கள். குருமாணவன் விலகினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரலாம். திருத்தொண்டரானவர் மணத்துறவு வாக்குக் கொடுத்தாயிற்று, அவர் இனி திருநிலையினர், அந்த நிலையிலிருந்து விடுபட ரோமாபுரி வரை போக வேண்டும். அதனால்தான் ஓய்வு, யோசனை எல்லாம் அதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

ஆனால் திருத்தொண்டராகவே இருந்துகொண்டு குருப்பட்டத்தைத் தள்ளிப்போடலாம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் 1031 சொல்கிறது. அதற்குள் முடித்துவிடு என்று எங்கேயும் இல்லை. குருவாகவே மாட்டேன் என்று ஒருவர் மறுத்தாலும், வேறு தடையோ கனமான காரணமோ இல்லாவிட்டால் அவரைத் திருத்தொண்டர் பணி செய்யவிடாமல் தடுக்கக் கூடாது என்று 1038 சொல்கிறது. ஆக உங்கள் அண்ணன் மகனுக்கு நிற்க இடம் இருக்கிறது. ஆயரிடம் நேரில் போய்ப் பேசச் சொல்லுங்கள், வாட்ஸாப்பில் வேண்டாம்.

மேலே சொன்னேனே இஞ்ஞாசியார், அவர் 1537 ஜூன் 24ல் வெனிஸில் குருப்பட்டம் வாங்கினார். முதல் பூசை வைத்தது 1538 கிறிஸ்துமஸ் இரவில், ரோமில் உள்ள பெரிய மாதா பேராலயத்தில். ஒன்றரை வருஷம், பட்டம் வாங்கியும் பூசை வைக்காமல் காத்திருந்து தயார் செய்திருக்கிறார். நம்ம ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் மூன்றாம் வாரமே பங்குப்பேரவை கூடிவிடும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோமே என்று உங்கள் அண்ணன் சொல்வார். போனால் போகட்டும், அந்தப் பணத்துக்காக ஒருவன் வாழ்நாள் முழுக்கப் பீடத்தில் நிற்க முடியாது.

நான் மெத்தடிஸ்ட் சபை. உங்களிடம் கேட்கலாமா தெரியவில்லை. வயது 31, பெண். சிரம்பானில் இறையியல் முடித்துவிட்டு, தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்துச் சபையில் பட்டத்துக்கு முந்திய பயிற்சி ஊழியத்தில் இருக்கிறேன். ஞாயிறு மூன்று ஆராதனை, வாரத்தில் வீடு சந்திப்பு, வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. ஆறு மாதம் விடுப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். சபையில் ஒரு மூத்தவர் "பெண்களால் முடியாது என்று இதற்குத்தான் சொன்னோம்" என்கிறார். – ஒரு சகோதரி

தாராளமாகக் கேட்கலாம் சகோதரி. களைப்புக்கு சபை வித்தியாசம் கிடையாது.

அந்த மூத்தவருக்கு ஒரே கேள்வி: மூன்று ஆராதனையில் ஒன்றையாவது அவர் எடுக்கிறாரா? ஆண் போதகர் ஒருவர் இதே மாதிரி களைத்து விழுந்தால் "பாவம், சபைக்காக ஓடா உழைச்சார்" என்று பழக்கூடையோடு போய்ப் பார்ப்பார்கள், பெண் என்றால் "முடியாது என்று அப்பவே சொன்னோம்". இதற்கு நீங்கள் பதில் சொல்லித் தெம்பை வீணாக்காதீர்கள்.

உங்கள் சபையில் டீக்கன், எல்டர் என்று படிப்படியாகப் போகிறீர்கள், நடுவே காத்திருக்கும் வருஷங்கள் ஏற்கனவே உண்டு. ஆகவே ஆறு மாதத்தால் வானம் இடிந்து விழாது. மாவட்டக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள், அம்மாவின் மருத்துவக் கடிதத்தையும் இணையுங்கள். ஆனால் ஒன்று, நேராகச் சொல்லிவிடுகிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள்வது ஓய்வு இல்லை. அது இன்னொரு ஊழியம், அதில் இரவு ஆராதனையும் உண்டு. ஆறு மாதம் விடுப்பு எடுத்து ஆறு மாதமும் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டினால் திரும்பப் போகும்போது இப்போதைவிடக் களைத்திருப்பீர்கள். அண்ணன் தம்பி இருந்தால் மாதத்தில் ஒரு வாரமாவது அவர்கள் முறை என்று எழுதி வாங்குங்கள். யாரும் இல்லையென்றால் சபைப் பெண்கள் இரண்டு பேரை முறை போட்டு வரச் சொல்லுங்கள், கேட்டால் வருவார்கள், கேட்பதற்குத்தான் போதகர்களுக்கு வாய் வராது.

எலியா தீர்க்கதரிசியின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் 1 இராஜாக்கள் என்பீர்கள், நாங்கள் அரசர்கள் முதல் நூல் என்போம், பத்தொன்பதாம் அதிகாரம். போதும் ஆண்டவரே என்று சூரைச்செடியடியில் படுத்தவரிடம் தேவதூதர் வந்து ஏன் படுத்தாய் என்று கேட்கவில்லை. எழுந்து சாப்பிடு என்றார். சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார். தூதர் இரண்டாம் தடவையும் வந்து தட்டி எழுப்பி, மறுபடியும் சாப்பாடுதான் கொடுத்தார். கேள்வி கேட்டது நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போன பிறகுதான். உங்கள் மூத்தவர் அந்தத் தூதரின் இடத்தில் இருந்திருந்தால் எலியா அந்தச் செடியடியிலேயே இருந்திருப்பார்.

எங்கள் பங்கிலிருந்து ஒரு பையன் குருமடம் போனபோது கோயில் வாசலில் பேனர் வைத்தோம், மக்களிடம் வசூல் செய்து ஒரு கைக்கடிகாரமும் 800 வெள்ளியும் கொடுத்தோம். இப்போது ஓய்வு என்று வந்துவிட்டான். பேனரை என்ன செய்வது? பணத்தைக் கேட்கலாமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்கிறார். – பங்குப்பேரவைச் செயலாளர்

பணத்தைக் கேட்ட அந்த ஒருவரை ஒரு தடவை தனியாகக் கூப்பிட்டு, அவர் எவ்வளவு போட்டார் என்று வசூல் புத்தகத்தில் பார்த்து, அதை மட்டும் என் கணக்கில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்து வெள்ளியைத் தாண்டாது என்று நினைக்கிறேன்.

கடிகாரம் அவனிடமே இருக்கட்டும், ஓய்விலும் மணி பார்க்க வேண்டும்.

பேனர் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம்தான். முதல் வருஷம் போகிற பிள்ளைக்கு எதற்கு ஆளுயரப் பேனர்? அது வரும் வருஷங்களில் அவன் தோளில்தான் தொங்கும். குருமடத்தில் முதலில் ஓராண்டுக்குக் குறையாமல் தொடக்கப் பயிற்சி வைப்பதே, உனக்கு இது சரிப்படுமா என்று அவனும் பார்க்க, அவர்களும் பார்க்கத்தான். நீங்கள் அதற்கு முன்னாலேயே "வருங்கால அருட்தந்தை" என்று அச்சடித்துவிட்டீர்கள். பகலில் எல்லோரும் பார்க்கக் கழற்றாதீர்கள், அவன் வீட்டுக்காரர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ராத்திரி இரண்டு பேர் ஏணி போட்டுக் கழற்றி, படம் உள்பக்கம் வரும்படி சுருட்டிப் பாடற்குழு அலமாரிக்கு மேலே வையுங்கள். மழைக்காலத்தில் கோயில் கூரை ஒழுகும் என்று போன வருஷம் எழுதியிருந்தீர்களே, ஒழுகாத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.